சாம்பிள் தலைமையாசிரியர்: மண்ணரையில் ஒரு வெள்ளிக்கிழமை

இருபத்திரண்டு ஆண்டு ஆசிரியர் வேலையில் இரண்டு முறை பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவள் நான். மூன்றாவது முறையாக நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பட்டியலில் பெயர் வந்தது. கலந்தாய்வு திங்கட்கிழமை. மறுப்புக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் மடித்தும் வைத்துவிட்டேன். அப்போதுதான் பானுமதி போன் செய்தாள். பயிற்சிப் பள்ளியில் என்னோடு படித்தவள். இப்போது திருப்பூர் மண்ணரைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. கடிதத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

"அந்தக் காயிதத்தக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கெழம எங்க ஸ்கூலுக்கு வந்துட்டுப் போ புள்ள" என்றாள்.

எனக்குப் பதவி மேல் வெறுப்பெல்லாம் இல்லை, பயம். முன்பொரு முறை பதினோரு நாள் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தேன். ஒரு மழை நாளில், விடுமுறை விடலாமா கூடாதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒரு தகப்பனார் அத்தனை பேர் முன்னால் என்னைப் பிடித்துக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது.

வியாழன் மாலை 4.50க்குக் குளித்தலையில் பேருந்து ஏறினேன். கரூர் நாற்பது கிலோமீட்டர், 30 ரூபாய். அங்கிருந்து வெள்ளகோவில், காங்கேயம் வழியாகத் திருப்பூர் இன்னும் 90 கிலோமீட்டர், 95 ரூபாய். இறங்கும்போது மணி ஒன்பதே கால். ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார். "கம்பெனி உடற நேரமுங்க, கொஞ்சம் நின்னு நின்னுதான் போகோணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மூன்று கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவர் மேல் தப்பில்லை.

மறுநாள் காலை 7.10க்கெல்லாம் பள்ளியில் இருந்தோம். என் ஊரில் பெற்றோர் கூட்டம் என்றால் மதியம் மூன்று மணிக்கு வைத்து, நாலு பேர் வந்தார்கள் என்று அலுத்துக்கொள்வோம். இங்கே கம்பெனி வேன் 7.50க்கு வரும். அதற்கு முன்னால் கூட்டம். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடியே முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நடத்தியவர் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி சாந்தாமணி, ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். வளவளப்பே கிடையாது. கழிப்பறைக் குழாய், எட்டாம் வகுப்பில் நின்றுபோன இரண்டு பிள்ளைகள், யார் போய்ப் பேசுவது, எந்தத் தேதிக்குள். முப்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதைவிட ஆச்சரியம், தலைமையாசிரியர் நாற்காலியில் பானுமதி இல்லை. பள்ளியிலேயே இளையவரான நித்யா டீச்சர் உட்கார்ந்திருந்தார். பானுமதி மூலை பெஞ்சில். வெள்ளிதோறும் ஓர் ஆசிரியர் முறை வைத்துப் பள்ளியை நடத்துவாராம். யோசனை சாந்தாமணியுடையது. வேனுக்கு ஓடுகிற அவசரத்திலும் எனக்கு விளக்கிவிட்டுத்தான் போனார்.

"பல்க் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு பீஸ் தெச்சுக் காட்டோணுமுங்க மேடம். அதுல குத்தம் வரத்தான் செய்யும். ஆர்டர் குடுத்தவங்க கமெண்ட் எழுதி அனுப்புவாங்க, நாங்க திருப்பித் தெப்போம். சாம்பிளே பாக்காம ஆயிரம் பீஸ் தெச்சுப்போட்டு அப்பறம் தப்புன்னா யாருங்க தாங்கறது? டீச்சருங்களுக்கும் அப்படித்தானுங்க."

இருபது ஆண்டு கரும்பலகை முன்னால் நிற்க வைத்துவிட்டு, ஒருநாள் திடீரென்று சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறோமே, அதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்றைய சாம்பிளிலும் குத்தம் வந்தது. பக்கத்துக் கம்பெனியில் மதியம் 12.30க்குச் சைரன் ஊதும். பள்ளிச் சாப்பாட்டு மணி 12.50க்கு. அம்மா, அண்ணன், அண்ணி என்று வீடே கம்பெனிக்குப் போகிற குடும்பம் நித்யாவுடையது. பிறந்ததிலிருந்து அந்தச் சைரனுக்குத்தான் சாப்பாடு. சைரன் ஊதியதும் கை தானாகப் போய் மணியை அடித்துவிட்டது. நூற்று நாற்பது பிள்ளைகள் தட்டோடு ஓடி வந்து நிற்க, சமையலம்மா உள்ளிருந்து கத்தினார்: "சோறு இன்னும் வெந்தே முடியலீங்க டீச்சர்!"

நான் எழுந்தேவிட்டேன். பானுமதி என் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு புள்ள. இன்னிக்கு எச்.எம்மு அவதான்."

நித்யாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் படியேறி நின்று உரக்கச் சொன்னார். "நாந்தான் தப்பா மணியடிச்சுட்டேன் கண்ணுகளா. சோறாக இன்னும் இருவது நிமிசம் ஆகும். பெரியவங்க சின்னவங்களக் கூட்டிட்டு நெழல்ல போய் உக்காருங்க. வகுப்புக்கு ஒருத்தர் கத சொல்லுங்க." சின்னதுகளில் பாதி பீகார் பிள்ளைகள், ஒரு வகுப்பில் கதை இந்தியில் ஓடியது. 12.50க்கு நித்யா சோற்றை ருசி பார்த்தார், மறுபடி மணியடித்தார். அவ்வளவுதான். எந்த வானமும் இடிந்து விழவில்லை. "நாந்தான் தப்பா" என்ற அந்த இரண்டு சொல் பதினோரு நாளும் என் வாயில் வரவேயில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலை 4.15க்குக் கமெண்ட் நேரம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், பானுமதி கடைசியாக. நித்யா ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டார்: சைரனைக் கேட்காதே, கடிகாரத்தைப் பார். அந்த நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாகத் தப்புகள், பெயர் போட்டு. அதில் மூன்று பெயர்க்காரர்கள் இப்போது வேறு பள்ளிகளில் தலைமையாசிரியர்கள். ஒருவரும் மறுப்பு எழுதிக் கொடுக்கவில்லையாம்.

"நீயும் ஒண்ணு எழுது" என்றாள் பானுமதி. மழைக் கதையை எழுதினேன். நித்யா அதைப் படித்துவிட்டு வெள்ளந்தியாகக் கேட்டார்: "ஏனுங்க மேடம், அடுத்த மழைக்கு என்ன பண்ணுனீங்க?"

அடுத்த மழையை நான் வரவே விடவில்லையே.

போக நினைப்பவர்களுக்கு: தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், வெள்ளிக்கிழமை போங்கள், காலை ஏழுக்குள் போய்விடுங்கள், எட்டு மணிக்குப் போனால் பாதிப் பள்ளியைப் பார்க்க மாட்டீர்கள். திரும்பும்போது பழைய பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. எனக்குப் போக வர 350 ரூபாயும் ஒரு தற்செயல் விடுப்பும் ஆயிற்று. சனிக்கிழமை அனுப்பர்பாளையத்தில் வாங்கிய பித்தளைச் செம்பு தனி. பேரம் பேசத் தெரிந்தவர்களைக் கூட்டிப் போங்கள்.

திங்கட்கிழமை அந்தக் கடிதம் பையை விட்டு வெளியே வரவில்லை. வீட்டிலிருந்து பதினாறு கிலோமீட்டரில் ஒரு பள்ளியைத் தேர்ந்து கையெழுத்துப் போட்டேன். போன வாரம் விடியற்காலையில் கொட்டு கொட்டென்று கொட்டியது. தலைமையாசிரியரே முடிவு செய்யலாம் என்று உத்தரவு. ஆறரைக்கெல்லாம் விடுமுறை என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். எட்டு மணிக்குச் சுள்ளென்று வெயில்.

மறுநாள் காலை வழிபாட்டில், "நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பிறகு ஒரு நீள நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.