ஒரு கொம்பு சிவப்பு, ஒரு கொம்பு பச்சை

தொண்ணூறுகளின் நடுவில், வெள்ளாட்டுக் குட்டிகளின் தயவில் டாக்டர் பட்டம் வாங்கிவிடலாம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வளர்ச்சியைத் தூண்டும் மரபணு ஒன்றை ஊசி வழியாகத் தொடைச் சதைக்குள் செலுத்த வேண்டும். பிறகு அந்தச் சதையே வேண்டிய சுரப்பைத் தயாரிக்கும். குட்டி கொழுகொழுவென்று வளரும், நோயும் அண்டாது. இதுதான் திட்டம். மருந்து ஒரு தடவைக்குத்தான் இருந்தது. தவறினால் பட்டம் போச்சு.

அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் குட்டிகளும் பட்டியும் கிடைத்தன. ஆனால் அடையாளத்துக்குக் காதில் வில்லை மாட்டத் தோட்டத்து அக்கா விடவில்லை.

"காது குத்தறதுன்னா மாமன் மடியில உக்கார வெச்சுத்தானுங்க குத்தோணும். இதுகளுக்கு மாமனுக்கு எங்கீங்க போறது?"

அதனால் முளைத்தும் முளைக்காத கொம்புகளில் பெயிண்ட் அடித்தேன். மரபணு ஊசி போட்ட பாதிக்குச் சிவப்பு, வெறும் உப்புநீர் ஊசி போட்ட மீதிக்குப் பச்சை.

எடை பார்ப்பது பெரும்பாடு. குட்டி எடை மெஷினில் நிற்குமா? அதைத் தூக்கிக்கொண்டு நானே ஏறி நின்று, வரும் எடையில் என் எடையைக் கழித்துவிடுவேன். முடிந்ததும் அக்கா இலை போடுவார். இடியாப்பம் மாதிரியான சந்தகையும் தேங்காய்ப்பாலும், இல்லையென்றால் நெய் மிதக்கும் அரிசிம்பருப்புச் சோறு.

"வெறும் வயித்தோட போனா நல்லாருக்காதுங்க அம்மணி."

வேண்டாம் என்றால் அவர் முகம் சுருங்கிவிடும். ஆராய்ச்சி நலன் கருதிச் சாப்பிட்டேன். மறுசோறும் ஆராய்ச்சி நலன் கருதித்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பிப் போய்ப் பட்டியைப் பார்த்தேன். எல்லாக் குட்டிக்கும் ஒரு கொம்பு சிவப்பு, ஒரு கொம்பு பச்சை.

"அக்கா, என்ன இது?"

"பட்டிப் பொங்கல் வந்துச்சுங்களே. பாதிக்கு ஒண்ணு, பாதிக்கு ஒண்ணுன்னு உட்டா ஓரவஞ்சனை ஆயிப்போகுமுங்க. அதுதான் எல்லாத்துக்கும் ரெண்டையும் அடிச்சுபோட்டேன்."

அடியில் பழைய நிறம் இருக்குமே என்று கத்தியால் சுரண்டப் போனேன்.

"பழசு மேல அடிச்சா நிக்குமுங்களா? மண்ணெண்ணெய் போட்டுச் சுத்தமாத் தொடச்சுபோட்டுத்தான் அடிச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கென்று தெரியாமலே அக்காவும் கூட அழுதார்.

மறுநாள் என் பேராசிரியர் வந்தார். "பயப்படாதே. ஊசி வேலை செய்திருந்தால் ஒரு பாதி கனமாக இருக்கும். அதுதான் சிவப்பு" என்றார். ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றேன். அத்தனையும் கனம்! ஒன்றுகூடத் தப்பவில்லை. சார் முகம் பிரகாசமானது. மரபணு சளி மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றியிருக்குமோ என்று பட்டியைச் சுற்றி நடந்தார். மனசுக்குள் வெளிநாட்டு மேடையில் பேசவே ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன். திடீரென்று நின்றார்.

"உன் எடையை எப்போது பார்த்தாய்?"

"முதல் நாள், சார்."

"குட்டியை இறக்கிவிடு. நீ இறங்காதே."

முள் போகக்கூடாத இடத்துக்குப் போய் நின்றது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். புது எடையைக் கழித்தபோது, எல்லாக் குட்டிகளும் ஊசியே பார்க்காத சந்தைக் குட்டிகளின் எடைதான் இருந்தன. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"மறுபடியும் மருந்து கேட்டு எழுதுகிறேன்" என்றார் சார், பெருமூச்சுடன். "ஆனால் இனி குட்டிகளை நான்தான் தூக்குவேன்."

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அதற்குள் அக்கா இரண்டு இலை போட்டுவிட்டார்.

"வாங்க சார். கண்ணு, நீயும் வா. அழுது அழுது எளச்சுப்போயிட்டே."

சார் வேண்டாம் என்றார். அக்கா முகம் சுருங்கியது. சார் உட்கார்ந்தார். மூன்றாவது தடவையாக அவர் சந்தகைக்கு இலையைக் காட்டியபோது, அடுத்த சோதனையும் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.