தையற்கார அக்கா அளந்த தெரு

தையற்கார அக்காவின் கைக்குப் பயந்தவர்கள் யாரும் இல்லை. வாய்க்குப் பயந்தவர்கள் தெரு முழுக்க உண்டு. இருபத்தாறு வருஷமாக முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறார். யார் இளைத்தார், யார் பெருத்தார் என்பது டாக்டருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். சொல்லியும் விடுவார்.

அவர் வீட்டுக்காரருக்குப் பார்வை போய் எட்டு வருஷம். ஆனாலும் தினமும் காலையில் கோலைத் தட்டிக்கொண்டு எதிர்ச்சாரி ரொட்டிக் கடைக்குத் தனியாகப் போவார். தெருவைக் கடக்கப் பதினோரு எட்டு வைக்க வேண்டும். யாரும் கைபிடிக்கக் கூடாது. அந்த நடை நின்றால் மனுஷர் உட்கார்ந்தே போய்விடுவார் என்று அக்காவுக்குத் தெரியும்.

தெருக்கோடியில் ஒரு காலி மனை. அதைக் கனரக வணிகப் பகுதியாக மாற்றித் தரும்படி ஒரு சரக்குக் கம்பெனி மனுப் போட்டது. லாரிக் கிடங்கு, நாளுக்கு நாற்பது லாரி. அறிவிப்பைப் படித்த அக்கம்பக்கத்தார் "நமக்கேன் வம்பு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். அக்கா மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். லாரி போகும் பாதைக்கு முப்பது அடி அகலம் வேண்டும் என்பது விதி. இந்தத் தெருவுக்கும் முப்பது அடி என்றே எழுதியிருந்தது.

"முப்பதா? இந்தத் தெருவா?"

கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, நடுத்தெருவில் மண்டியிட்டு, துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் குறித்துக் குறித்து அளந்தார். இருபத்திரண்டு அடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். அன்றைக்கே ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்.

நகரத் திட்ட அதிகாரி நடத்திய விசாரணையில் கம்பெனி மேலாளர் அந்த டேப்பைக் கேட்டு வாங்கி, இரும்பு டேப்போடு சேர்த்துப் பிடித்தார். துணி டேப் ஐந்தடிக்கு அரை அங்குலம் நீண்டிருந்தது.

"இழுத்து இழுத்துத் தொங்கிப் போச்சும்மா. இதை வச்சுத்தான் அரசாங்கத்துக்கே அளவு சொல்ல வந்தீங்களா?"

அறை சிரித்தது. அக்காவுக்கு உடம்பு கூசிப்போனது. டேப் நீளும் என்று தெரியாதவரா அவர்? வருஷா வருஷம் மாற்றுவார். இந்தத் தடவை மறந்துவிட்டார். உடம்பையும் துணியையும் ஒரே டேப்பில் அளப்பதால் சட்டையில் தப்புத் தெரியவில்லை. தெரு காட்டிக் கொடுத்துவிட்டது.

ஆனால் கூச்சம் ஒரு நிமிஷந்தான்.

"சரி, என் டேப்பு கெட்டதுதான். உங்க டேப்பு நல்லது இல்ல? அதை எடுத்துக்கிட்டு நாளைக்குத் தெருவுக்கு வாங்க."

திட்ட அதிகாரிக்கு மறுக்க வழியில்லை. மறுநாள் பத்து மணிக்கு வந்தார். சாத்தின கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ரொட்டிக் கடைக்காரர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். மேலாளர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுப் படியேறிச் சுவர் வரைக்கும் போனார்.

"அது என் வாசப்படிங்க. உங்க லாரி படியேறி வந்து சட்டைக்கு அளவு கொடுக்கப் போகுதா?"

அப்போதுதான் முப்பது எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு பக்கப் படிகளையும் சேர்த்து, சுவருக்குச் சுவர் அளந்திருக்கிறார்கள். மேலாளர் இறங்கி வந்தார். அதிகாரி குனிந்து படித்தார். இருபத்திரண்டு அடி, இரண்டு அங்குலம்.

மேலாளர் விடவில்லை. "பாத்தீங்களா சார், அவங்க சொன்ன அளவு தப்பு."

"தப்புத்தான்," என்றார் அக்கா. "ரெண்டு அங்குலம் என் தப்பு, எழுதிக்குங்க சார். மிச்சம் ஏழடி பத்தங்குலம் யாரு தப்பு? அதையும் எழுதிக்குங்க."

அதிகாரி பேனாவைத் திறந்து, முப்பது என்பதை அடித்தார். டேப்பும் கையுமாக வழியில் நின்ற மேலாளருக்கு எதிரே, அக்காவின் வீட்டுக்காரர் கோலைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க தம்பி," என்றார். "நான் நடக்கிற வழி."