கட்டைவிரலால் பட்டியல் போட்ட பவுன்

மராத்தி ஊரான போபோடியில் பவுன் குடியிருந்த சந்தில் முதல் பட்டதாரி அவள்தான். அதனால் சந்துக்கு எந்த நன்மையும் விளைந்ததாகத் தெரியவில்லை. பி.காம். முடித்து, கசார்வாடியில் வால்வு செய்யும் பட்டறையின் ஆபீசில் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும், அப்பா பரமசிவம் அதை ஊரெல்லாம் சொல்லி வைத்தார். அக்கம்பக்கத்தார் ஓடாத மிக்சியையும் பாடாத ரேடியோவையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“கம்ப்யூட்டரே ஓட்டுது, இதப் பாக்காதா?”

கம்ப்யூட்டரை நிஜமாகவே அவளுக்கு ஓட்டத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

1998-இல் ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் பட்டாபிராமன் கூப்பிட்டார். அவளுடைய ஆறு மாத தற்காலிக வேலை மறுநாளோடு முடிகிறது.

“நாளைக்கு நாலு மணிக்கு சரக்கை சோதிக்க இன்ஸ்பெக்டர் வரார். நாப்பத்து மூணு பார்ட்டுக்கும் லிஸ்ட் வேணும். அது நன்னா வந்தா உன்னை பெர்மனென்ட் பண்றேன். இல்லேன்னா, பாக்கலாம்.”

அந்த ஆபீசில் ‘பாக்கலாம்’ என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

இடப்பக்கம் பார்ட்டின் பெயர், வலப்பக்கம் அளவு. நடுவில் இடம் விட பவுன் ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். கட்கியில் அவள் டைப்ரைட்டிங் கற்ற இன்ஸ்டிட்யூட்டில் எல்லா மெஷினிலும், ஒரே அமுக்கில் இடம் தாண்ட வைக்கும் டேப் சாவி இறுகிக் கிடந்தது. “அதைத் தொடாதே, எண்ணித் தட்டு” என்பதுதான் அங்கே பாடம். டைப்ரைட்டரில் எல்லா எழுத்தும் ஒரே அகலம், எண்ணினால் நேராக நிற்கும். கம்ப்யூட்டரிலோ ஓர் எழுத்து ஒல்லி, ஓர் எழுத்து குண்டு. இங்கே ஒரு தட்டு கூட்டி, அங்கே ஒன்று குறைத்து, சாயங்காலத்துக்குள் பட்டியலை நிமிர்த்திவிட்டாள். கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பட்டாபிராமன் பார்த்தார். “எழுத்தெல்லாம் எறும்பாட்டம் இருக்கே! பெருசாக்கும்மா.”

பெரிதாக்கினாள். அளவுகள் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் போல ஆளுக்கொரு பக்கம் போயின. சில, அடுத்த வரிக்கே குதித்துவிட்டன.

யாரிடம் கேட்பது? பட்டதாரி கேட்கலாமா? வீட்டில் கேட்டால் புரியாது, வெளியில் கேட்டால் சிரிப்பார்கள். பதினைந்து வருஷம் இப்படிக் கேட்காமலேதான் படித்து முடித்தாள். தெரியாதது எவ்வளவு என்பதுகூடத் தெரியாது. மணி இரண்டரை ஆனபோது வெட்கத்தைவிட பயம் பெரிதாகிவிட்டது. ஸ்டோர்ஸில் இருந்த ஆண்டனியைக் கூப்பிட்டாள். பத்தாவது ஃபெயில், மதிய இடைவேளையில் அதே கம்ப்யூட்டரில் சீட்டாடுகிறவன்.

“அரே தேவா! எல்லாம் ஸ்பேஸாவே தட்டி வெச்சிருக்கியா? பி.காம்ல இதச் சொல்லித் தரலையா?”

“பி.காம்ல கம்ப்யூட்டரையே கண்ல காட்டல. சீக்கிரம் சொல்லுண்ணே.”

“நடுவுல இருக்கற காலிய அழி. ஒரே ஒரு டேப் அமுக்கு. அப்புறம் மொத்தத்தையும் செலக்ட் பண்ணி, மேல ஸ்கேல் மாதிரி இருக்குல்ல, அதுல ஒரு க்ளிக்.”

“உனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்வா? சீட்டு போரடிச்சா எல்லா பட்டனையும் அமுக்கிப் பாப்பேன்.”

நாற்பத்து மூன்று வரியிலும் காலியிடத்தை அழித்து டேப் வைத்தாள். ஸ்கேலில் க்ளிக் செய்ததும் குட்டியாக ஒரு வளைந்த கோடு விழுந்தது. அளவுகள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆறு மாதம் தட்டியிருக்கிறாளே!

இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு வடா பாவ் தின்றார். பட்டியலைப் படிக்காமலே அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பட்டாபிராமன் கைப்பட எழுதிய தாளை நீட்டினார். “உன் பெர்மனென்ட் லெட்டர். நீயே டைப் பண்ணிண்டு வா.” ஆபீசில் வேறு டைப்பிஸ்ட் இல்லை.

‘கம்ப்யூட்டரில் முழுத் தேர்ச்சி பெற்றவர்’ என்று அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. பவுன் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, எழுதியிருந்தபடியே அடித்தாள்.

“ஆண்டனிண்ணே, தேதிய வலது ஓரத்துல ஒட்ட வெக்கறதுக்கு எந்த பட்டன்?”

பட்டாபிராமன் நிமிர்ந்து பார்த்தார். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஸ்டோர்ஸிலிருந்து பதில் வராததால் இன்னும் சத்தமாகக் கேட்டாள்.