சூட்டில் திணறிய பூட்டு

பக்கத்தில் யாராவது போனைத் திறந்தால் என் நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். சொந்த அண்ணன் திறந்தாலும் சரி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி திறந்தாலும் சரி, சட்டென்று சுவரையோ ஜன்னலையோ பார்க்கத் தொடங்கிவிடுவாள். ஆரம்பத்தில் அது எனக்குத் திமிராகத் தெரிந்தது. என்னோடு பேசப் பிடிக்காமல் திரும்பிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நான் அதிகம் பேசாதவள். பேசாதவர்களுக்கு இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க நேரம் நிறைய.

காரணத்தை மாமியார்தான் சொன்னார். படிப்பு முடிந்ததும் அவள் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு போன் ரிப்பேர் கடையில். திரை மாற்றக் கொடுத்துவிட்டுப் போன பெண்களின் படங்களைக் கடைக்காரனும் அவன் கூட்டாளியும் டீ குடித்துக்கொண்டே தள்ளித் தள்ளிப் பார்ப்பார்களாம். ஒரு நாள் அது இவள் கண்ணில் பட்டது. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைத்தாள். நேரே அந்தப் போனின் சொந்தக்காரி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கடையில் பெரிய ரகளை. இவளுக்கு வேலை போயிற்று. கடை இன்றும் நடக்கிறது, போர்டுகூட மாறவில்லை.

"சின்ன வயசிலேயே அப்படித்தான். சும்மா சுத்திக்கிட்டே இருப்பா, கொட்டினா வீங்கிடும்" என்றார் மாமியார். அதனால் வீட்டில் அவளுக்குக் குளவி என்று பெயர். எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

இப்போது குளவி ஒரு கம்ப்யூட்டர் அலுவலகத்தில் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறாள். காலையில் கிளம்பும்வரையும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இன்னொரு வேலை பார்க்கிறாள். அதற்குச் சம்பளம் கிடையாது. போனில் இருக்கும் படம், பேச்சு, எழுத்து எல்லாவற்றையும் வேறு யாரும் பார்க்க முடியாதபடி உருமாற்றிப் பூட்டி வைக்கிற ஒரு செயலி. உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். பல நாடுகளில் இருந்து ஆட்கள் அப்படி அனுப்புகிறார்கள். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வது நாலைந்து பேர். அவர்களில் மூத்தவரைக் குளவி பெருசு என்பாள். நேரில் பார்த்ததில்லை.

"என் தங்கச்சிக்கு ரெண்டு வேலை. ஒண்ணு சம்பளத்துக்கு, இன்னொண்ணு சண்டைக்கு" என்பார் என் வீட்டுக்காரர்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. துவைத்த படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட அங்கே மூன்று ரோலர்கள் இருக்கின்றன. ஒரு ஆள் உயரத்துக்கு நீளமான, கொதிக்கிற இரும்பு உருளைகள். ஈர விரிப்பை இருவர் இரண்டு முனையில் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும், மறுபக்கம் காய்ந்து வெளியே வரும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதைத் தொட்டால் மெஷின் நின்றுவிடும். எங்கள் சூப்பர்வைசர் அந்தக் கம்பியைத் தூக்கி ஒயரால் கட்டி வைத்திருந்தான். துணி பட்டாலும் மெஷின் நிற்கிறதாம், வேலை ஓடவில்லையாம்.

ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் இரண்டு விரல்கள் துணியோடு உள்ளே போயின. அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அவள் கவனக்குறைவாக இருந்தாள் என்று கான்ட்ராக்டர் எழுதி முடித்துவிட்டார். கம்பி கட்டியபடியே இருந்தது.

எங்களில் ஒருத்தி மட்டும் அதை விடவில்லை. ரோலரிலேயே வாழ்க்கையை ஓட்டியவள் என்பதால் எல்லோருக்கும் அவள் ரோலர் அக்கா. கம்பியைக் கட்டச் சொன்னது தான்தான் என்று சூப்பர்வைசர் வாயாலேயே சொல்வதைப் பதிவு செய்துவிட்டால் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றாள். சிக்கல் என்னவென்றால், வேலை முடிந்து போகும்போது எங்கள் போன்களை அவன் வாங்கிப் பார்ப்பான். நோயாளிகளைப் படம் எடுத்துவிடுவோமாம். அதனால் குளவியின் செயலியை நான் அக்கா போனில் போட்டுக் கொடுத்தேன். பதிவு செய்து முடித்ததும் ஒரு பட்டனை அமுக்கினால் பூட்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கால்குலேட்டர் போலத் தெரியும்.

அக்கா பதிவு செய்தாள். பட்டனையும் அமுக்கினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கழிப்பறைப் பக்கம் போகப் பார்த்தாள். அதற்குள் அவன் பின்னாலேயே வந்து போனைப் பிடுங்கிவிட்டான். பூட்டி முடியாத பதிவு அப்படியே கிடந்தது. தன் குரலைத் தானே கேட்டு, அழித்துவிட்டு, போனைத் துணி வண்டியில் வீசினான். மறுநாள் காலை, விரிப்பு திருடினாள் என்று சொல்லி அக்காவை கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

குளவியிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை.

"பட்டனை ஒழுங்கா அமுக்கியிருக்க மாட்டாங்க அண்ணி."

அலமாரியிலிருந்து அக்காவுடையதைப் போன்ற பழைய போன் ஒன்றை எடுத்து, ஃபேனுக்குக் கீழே மேஜையில் வைத்துப் பதிவு செய்தாள். அமுக்கினாள். வட்டம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. "பாருங்க" என்றாள். நான் பார்த்தேன். அக்கா பொய் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததில் ஒரு மூடி நசுங்கிவிட்டது.

அந்த வாரமே அக்கா தன் பெட்டியில் இருந்த செருப்பு, சாப்பாட்டு டப்பா, மாற்றுப் புடவை எல்லாவற்றையும் வாங்கிவர ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. தனியாகப் போகத் தயங்கினாள். துணைக்குக் குளவி வந்தாள். ரோலர் அறை வாசலில் அவர்களை நிற்க வைத்துவிட்டுச் சூப்பர்வைசர் சாவியைத் தேடினான். தேடினான் என்றால், நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

அந்த அறையின் சூடு முகத்தில் அறைகிற சூடு. குளவியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சும்மா நிற்கப் பிடிக்காமல் அவள் அந்தப் பழைய போனை எடுத்து ஏதோ பதிவு செய்து பட்டனை அமுக்கியதை நான் ரோலரிலிருந்து பார்த்தேன். அப்புறம் அவள் அசையவில்லை. நாங்கள் இரண்டு விரிப்பு முடித்தோம். அவள் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் என்னை அழைத்துப் போக வந்தவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, நான் ஒரு மடச்சி."

"ஏன்டி?"

"போன் சூடானா தன்னைக் காப்பாத்திக்க மெதுவா ஓடும். எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிஞ்சும் ஃபேனுக்குக் கீழ வச்சுப் பார்த்திருக்கேன். புதுப் போன்ல பூட்டுற வேலைக்குன்னே சிப்புக்குள்ள தனியா ஒரு பாகம் இருக்கு. இந்தப் போன்ல அது கிடையாது, எல்லா வேலையோடயும் ஒரே சிப்பே மாரடிக்கணும். போன தடவை வேகத்தைக் கூட்டிட்டோம்னு எல்லாரும் முதுகைத் தட்டிக்கிட்டோம். யாரோட போன்ல கூட்டினோம்? எங்க போன்ல."

அன்றே ரோலர் அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். அக்கா, "நீ என்னம்மா பண்ணுவே" என்றாள். அது குளவியை இன்னும் எரித்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அவள் விஷயத்தைச் செயலிக் குழுவுக்கு எழுதி அனுப்பினாள். பெருசிடமிருந்து பதில் வந்தபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள்.

"'உங்கள் அக்கறையைப் பாராட்டுகிறோம்.' இது முதல் வரி. அடுத்து, 'இப்படிப்பட்ட போன்களை இப்போது மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள்.' அடுத்து, 'முடிந்தால் புதிய போனுக்கு மாறச் சொல்லலாம்.'"

"நல்ல யோசனை. பெருசுகிட்ட சொல்லி நாலு போன் அனுப்பச் சொல்லு, எனக்கும் ஒண்ணு" என்றார் என் வீட்டுக்காரர்.

"இரு அண்ணா, இன்னும் இருக்கு. 'பழைய போன்களுக்கு மட்டும் சரிபார்ப்பை எடுத்துவிட்டால் நேரம் பாதியாகும்.'"

"அப்படின்னா?" என்று நான் கேட்டேன்.

"பூட்டுறதுல ரெண்டு வேலை இருக்கு அண்ணி. ஒண்ணு, உள்ள இருக்கிறது தெரியாம மாத்துறது. இன்னொண்ணு, நடுவுல யாராவது கை வச்சா காட்டிக் கொடுக்கிற மாதிரி ஒரு முத்திரை போடுறது. அந்த முத்திரை வேண்டாங்கிறான். சீக்கிரம் முடிஞ்சிடுமாம்."

"கம்பியைத் தூக்கிக் கட்டுற மாதிரி" என்றேன்.

குளவி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். உள்ளே அவள் தட்டெழுதுகிற சத்தம் ஆணி அடிக்கிற மாதிரி கேட்டது.

"பெருசு செத்தான்" என்றார் மாமியார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆளை நான் பார்த்ததில்லை. கெட்டவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. குளிர்ந்த அறையில், நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஆபத்து இல்லாத இடத்திலிருந்து, அடுத்தவர் விரலுக்கு எவ்வளவு தடுப்புப் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எங்கள் சூப்பர்வைசரும் அதையேதான் செய்தான். இவர் நாகரிகமாகச் செய்கிறார், நன்றி சொல்லிவிட்டுச் செய்கிறார்.

குளவி முத்திரையில் கை வைக்கவில்லை. பூட்டுகிற முறையை மாற்றினாள். முன்பு, பேச்சு முழுவதும் பதிவான பிறகு மொத்தமாகப் பூட்டத் தொடங்கும். இப்போது பேச்சு உள்ளே வர வர, துண்டு துண்டாக அப்போதைக்கப்போதே பூட்டி முத்திரையும் போட்டுவிடும். விரிப்புகளைக் குவித்து வைத்துக் கடைசியில் மடிக்காமல், ரோலரிலிருந்து வர வர மடிப்பதைப் போல. நிறுத்தும்போது பூட்ட மிச்சம் இருப்பது கடைசித் துண்டு மட்டும். கூடவே, சிப்பில் தனிப் பாகம் இல்லாத போன்களுக்கு ஏற்ற, எளிய கூட்டல் கழித்தலில் ஓடுகிற, ஆனால் உறுதியில் குறையாத வேறொரு பூட்டு முறைக்கும் மாற்றினாள். எதைச் செய்தாலும் போனை ஒரு துணியில் சுற்றி, வெந்நீர்ப் பை மேல் வைத்துத்தான் சோதித்தாள். மாமியாரின் முட்டிவலிப் பை அது. "என் முட்டியைவிட அந்தப் போன்தான் ஒசத்தி" என்று அவர் புலம்பினார்.

அனுப்பினாள். பெருசு பதில் போடவில்லை. வேறு ஒருவர், அவள் எழுதிய நிரலில் வரி இடைவெளி சரியில்லை என்று எழுதினார். இதற்கிடையே, வேலையைத் திரும்பக் கேட்டு அக்கா தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்திருந்த மனு விசாரணைக்கு வந்துவிட்டது. கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை.

"நான் பதிவு பண்றேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நீயா? கடைக்காரர் தப்பாச் சில்லறை கொடுத்தாலே கேக்க மாட்டியே."

"அதனாலதான். என்னை அவன் சந்தேகப்பட மாட்டான்."

குளவி தன் சோதனைப் பதிப்பை என் பழைய போனில் போட்டாள். நான் போனின் ரகசிய எண்ணை அமுக்கியபோது வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, பதிவை ஓடவிட்டு, சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன்.

"சார், அந்தக் கம்பியை அவுத்து விட்டுடலாமா?"

"ஓஹோ, நீயும் பேச ஆரம்பிச்சிட்டியா? ஊமைன்னுல்ல நினைச்சேன்."

"பயமா இருக்கு சார்."

"கம்பி இருந்தா மெஷின் நின்னு நின்னு ஓடும். கட்டச் சொன்னதே நான்தான், கட்டியே இருக்கட்டும். விரல் மேல ஆசையா இருந்தா தள்ளி நின்னு வேலை பாரு."

நான் திரும்பினேன். இடுப்பில் கை போனதை அவன் கவனித்துவிட்டான். "என்ன அது, கொண்டா" என்று பிடுங்கினான். நிறுத்தும் பட்டனை நான் அப்போதுதான் அமுக்கியிருந்தேன். அவன் படங்களைப் புரட்டினான், பதிவுகளைப் புரட்டினான். கால்குலேட்டரையும் திறந்தான். அதில் பூஜ்யம் இருந்தது.

"வீட்டுக்காரர் கூப்பிட்டாரான்னு பார்த்தேன் சார்" என்றேன்.

போன் அவன் கையில் சுட்டிருக்க வேண்டும். சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டான். நான் போய் ரோலரில் நின்றேன். பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம் அது. இவ்வளவு சின்ன ஒரு உண்மையைச் சொல்ல வைக்க, ஒருத்தி விரலை இழந்து, ஒருத்தி வேலையை இழந்து, ஒருத்தி வெந்நீர்ப் பையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்ததே என்கிற கோபம்.

தொழிலாளர் அலுவலகத்தில் பதிவைப் போட்டுக் காட்டினோம். அனுமதியில்லாமல் எடுத்தது என்று கான்ட்ராக்டரின் வக்கீல் கத்தினார். அதிகாரி இன்னொரு முறை போடச் சொன்னார். 'விரல் மேல ஆசையா இருந்தா' என்கிற இடம் வந்ததும் பேனாவை மூடினார். கம்பிகளை உடனே இறக்க வேண்டும், அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

குளவியின் மாற்றம் ஒருவழியாகச் செயலியில் சேர்ந்தது. 'குழுவின் கடும் உழைப்பால் பழைய போன்களிலும் வேகம்' என்று அறிவிப்பு வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. அதற்கு அவள் கோபப்படவில்லை. இனி எந்த மாற்றத்தையும் சூடான பழைய போனில் சோதித்த பிறகே வெளியிட வேண்டும் என்று கேட்டிருந்தாள். பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் கோபப்படுகிறாள்.

ரோலர்களில் கம்பி இறங்கிவிட்டது. சூப்பர்வைசர் அதே நாற்காலியில் இருக்கிறான். உத்தரவை எதிர்த்துக் கான்ட்ராக்டர் மேல்முறையீடு செய்திருக்கிறார், வாய்தா மேல் வாய்தா வாங்குகிறார். ரோலர் அக்கா இன்னும் வேலைக்கு வரவில்லை.