எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அப்பா வீட்டு வாசலில் மடக்கு மேசையை விரித்துவிடுவார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீடு வரிசையின் கடைசியில் இருந்தது. அதனால் காத்திருப்பவர்கள் பக்கத்து வீட்டு வேலி வரைக்கும் குந்தியிருப்பார்கள். தண்டவாளம் செப்பனிடுகிறவர்கள், கரி அள்ளுகிறவர்கள், சுங்கை பூலோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள், எல்லாரிடமும் ஒரு ஃபாரம் இருக்கும். குடியுரிமை ஃபாரம், அடையாள அட்டைக்கான ஐசி ஃபாரம், வேலை பெர்மிட் ஃபாரம். அப்பா கூட்ஸ் ஷெட்டில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா; எல்லாருக்கும் கிராணி ஐயா. ஆங்கிலம் எழுதத் தெரிந்த அந்த வரிசையின் ஒரே ஆள். விடுமுறை நாளிலும் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்து, ஊர், தகப்பன் பெயர், கப்பலில் வந்த வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார். கைமாறாக யாராவது ஒரு சீப்பு வாழைப்பழம் நீட்டினால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பது அவர் வாயில் எப்போதும் இருந்த பழமொழி. அந்தப் பழமொழியை எவன் கண்டுபிடித்தானோ, அவனுக்குப் பெண் பிள்ளை இருந்திருக்காது.

கிராணி ஐயாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி போன மாதம் எனக்கு உத்தரவு வந்தது. எங்கள் குவாட்டர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பிள்ளைகள் என்றால் எல்லாருக்கும் அறுபத்தைந்துக்கு மேல். கிள்ளானில் ஒரு மண்டபம் எடுத்து ஒன்றுகூடல் நடத்துகிறார்களாம், மலர் வெளியிடுகிறார்களாம். குழுவை நடத்துகிறவர் போனில் கூப்பிட்டார். "ஐயா இல்லன்னா நம்ம அப்பன்மாருக்கு ஏது ஐசி? நீங்கதான் எழுதணும். ஹெட்மாஸ்டரா இருந்தவரு, உங்களுக்கு இதெல்லாம் ஈசி லா" என்றார். நானும் சரி என்றேன். அறுபது வருஷமாகக் கிராணி ஐயா மகன் என்ற பட்டத்தில் குளிர் காய்ந்தவன் வேறு என்ன சொல்வான்?

அந்தக் குழுவைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும். விடிந்தால் போதும், பழைய பெருமை ஆரம்பித்துவிடும். குழாய்த் தண்ணீர் குடித்தோம், செத்தா போனோம் என்று ஒருவர் போடுவார். ஆமாம், செத்தார்கள். மூன்றாவது வீட்டுப் பையன் டைபாய்டில் போனான். அவனால் மெசேஜ் போட முடியாது, அவ்வளவுதான். ஒரு முட்டையை நூலால் நான்காக அறுத்துப் பகிர்ந்தோம், அதில்தான் பாசம் இருந்தது என்று இன்னொருவர் போடுவார். எங்கள் வீட்டில் பாதி முட்டை எனக்கு, மீதிப் பாதி அப்பாவுக்கு. அக்காவுக்கும் அம்மாவுக்கும் குழம்பு. அறுபத்தொன்பது கலவரத்துக்குப் பிறகு வேலை பெர்மிட் இல்லாமல் பெட்டி படுக்கையோடு துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறிய குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவங்க ஊருக்குத் திரும்பிட்டாங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பொற்காலம் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் கையில் குடிமக்களுக்கான நீல ஐசி வைத்திருக்கிறவர்கள்.

என் அக்காவிடம் இருப்பது சிவப்பு ஐசி. நிரந்தரமாகக் குடியிருக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. அவள் மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் அடைந்ததற்கு, முன்னால் பிறந்தவள், நான் பின்னால். எனக்குப் பிறந்த உடனே குடியுரிமை தானாக வந்துவிட்டது. அவளுக்கு ஃபாரம் போட வேண்டியிருந்தது. பிறந்ததும் வளர்ந்ததும் ஒரே வீட்டில், படுத்தது ஒரே பாயில்.

பதினெட்டு வயதில் அக்காவுக்குத் தாதியர் பயிற்சி நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. அம்மாவின் வெள்ளைச் சேலையைக் கிழித்துத் தானே ஒரு கவுன் தைத்துப் போட்டுக்கொண்டு போனாள். அங்கே ஐசியைக் கேட்டார்கள். நிறத்தைப் பார்த்தார்கள். குடியுரிமைப் பத்திரம் கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். மத்தியானமே திரும்பி வந்து குசினியில் நின்றபடி அப்பாவிடம் கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா தலை நிமிராமல், "உனக்கு எப்பவோ போட்டாச்சும்மா. ரசீதுதான் வெள்ளத்துல போயிருச்சு. எப்படியும் வரும்" என்றார். அதற்கு முந்தைய மாதம் கிள்ளான் ஆறு ஏறி வந்து எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது உண்மை. அலமாரியின் கீழ்த்தட்டு ஊறிப்போனதும் உண்மை. அக்கா நம்பினாள். ஊருக்கெல்லாம் எழுதியவர் சொந்த மகளுக்கு எழுதாமல் இருப்பாரா?

அதன் பிறகு அவள் மஸ்ஜித் இந்தியாக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். முப்பத்திரண்டு வருஷம் அங்கே நின்றபடி புடவை விரித்து மடித்தாள். என் வாத்தியார் பயிற்சிக்கு வேண்டிய சட்டை, சப்பாத்து எல்லாம் அவள் வாங்கிக் கொடுத்தவை. கல்யாணம் ஆகவில்லை. அது வேறு கதை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். வேறு கதை இல்லை.

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய தகரப் பெட்டியை நான்தான் திறந்தேன். அக்கா வெளியே வந்தவர்களுக்குக் காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியின் அடியில், வெள்ளம் தொடாமல், ஒரு ஃபாரம் இருந்தது. அக்காவின் பெயர், பிறந்த தேதி, எல்லாக் கட்டமும் அப்பாவின் அழகான கையெழுத்தில் நிரம்பியிருந்தது. கையொப்பம் மட்டும் இல்லை. மூலையில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார்: "ஊருக்குப் போகிற பிள்ளை. தேவையில்லை." ஃபாரத்தோடு தமிழ்நாட்டில் எங்கள் ஊரிலிருந்து வந்த ஒரு நீலக் கடிதமும் இருந்தது. அத்தை எழுதியது. அக்கா தொட்டிலில் கிடந்தபோதே அத்தை மகனுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். எங்கள் வீடுகளில் அது பத்திரம் எழுதிப் பதிவு செய்ததற்குச் சமம். முறைப்பையனைக் கட்டிக்கொண்டு ஊரில் வாழப் போகிறவளுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை எதற்கு என்று அப்பா நிறுத்தி வைத்திருக்கிறார். அத்தை அந்தக் கடிதத்தில், மகனுக்கு உள்ளூரிலேயே வேறு இடத்தில் முடித்துவிட்டதாகவும், தம்பி மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எழுதியிருந்தாள். தேதியைப் பார்த்தேன். அக்கா நேர்முகத்துக்குப் போவதற்கு ஒரு வருஷம் முன்பு வந்த கடிதம் அது.

அப்போதாவது அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் அனுப்பினால், இத்தனை வருஷம் மகளுக்குப் போடவில்லை என்பதும், பேசிய சம்பந்தம் முறிந்துபோனதும் வரிசைக்கே தெரிந்துவிடும். கிராணி ஐயாவின் மானம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மகளின் ஆயுளைக் கொடுத்துத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார். அவரை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனார் என்பதற்காக ஒருவர் நல்லவராகிவிட மாட்டார்.

அந்தக் காகிதங்களை நான் என் பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அக்காவோ அந்த ஃபாரத்தைத் தேடிக்கொண்டே இருந்தாள். கடையில் லீவு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போவாள். என் அப்பா போட்ட விண்ணப்பம் எங்கேயோ கிடக்கிறது, தேடிப் பாருங்கள் என்பாள். இல்லை, புதிதாகப் போடுங்கள் என்று சொன்ன அதிகாரிகளிடம் சண்டை பிடித்துத் திரும்புவாள். புதிதாகப் போட்டால் அப்பா போடவில்லை என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். பதினெட்டு வருஷம் இப்படிப் போனது. அவளுடைய தேடல் கடிதங்களில் பாதியை மலாய் மொழியில் எழுதிக் கொடுத்தவன் நான். இல்லாத ஒன்றைத் தேடச் சொல்லிக் கடிதம் எழுதினேன், திங்கட்கிழமை தோறும் பள்ளியில் கொடி ஏற்றினேன். ஐம்பத்து மூன்று வயதில்தான் அலுத்துப்போய்ப் புதிதாகப் போட்டாள். ஒரு முறை நிராகரிப்பு, இன்னொரு முறை காத்திருக்கவும் என்று பதில். இப்போது அவளுக்கு எழுபத்திரண்டு. என்னோடு பூச்சோங்கில்தான் இருக்கிறாள். தேர்தல் நாளில் நானும் என் மனைவியும் ஓட்டுப் போடப் போவோம், அக்கா வீட்டைப் பார்த்துக்கொள்வாள்.

மலருக்கு நான் முதலில் எழுதிய கட்டுரை வேறு. தியாகம், தொண்டு, வெள்ளைச் சட்டை என்று இரண்டு பக்கம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா எழுதியிருக்கடா தம்பி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கோ. எனக்குப் போட்ட ஃபாரத்தோட ரசீது வெள்ளத்துல போயிருச்சுன்னு ஒரு வரி. இல்லாட்டி, மகளுக்கு இன்னும் சிவப்பு ஐசிதானேன்னு ஜனங்க அப்பாவத் தப்பா நெனப்பாங்க."

அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை. மாடிக்குப் போய்க் காகிதங்களை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பென்சில் எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அத்தையின் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அப்பாவைத் திட்டுவாள், நானும் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன். அதற்கான சொற்களை முப்பத்தேழு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

"இது எப்ப கிடைச்சுச்சு ஒனக்கு?"

"அப்பாவோட பதினாறாம் நாள்."

விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு முப்பத்தஞ்சு வயசு" என்றாள். "அப்பவே போட்டிருந்தா கிடைச்சிருக்கும்டா. அந்த மனுஷன் என்னைய ஊர்ல கட்டிக் குடுக்கலாம்னு நெனச்சாரு. அது நடக்கலன்னு வெக்கப்பட்டாரு. நீ என்ன நெனச்ச?"

உன் மனசு உடைந்துவிடும் என்று நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் அது வரவில்லை.

"கிராணி ஐயா மகன்னு எனக்கு ஒரு பேரு இருந்துச்சு. அது போயிடும்னு நெனச்சேன்" என்றேன்.

அக்கா காகிதங்களை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பாவப் பத்தி எழுதுனது போதும். இத எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன். மலரில் போடுவார்களா தெரியாது. இன்றோடு ஒன்பது நாளாயிற்று, அக்கா என்னோடு பேசவில்லை.