வளையாத கழுத்து

மரக்காணம் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த நர்சம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. குள்ளமானவர், தலை நரைத்தவர். யாரையும் தொடும் முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

சுனாமிக்கு அடுத்த வருசக் கோடையில், என் மனைவி உப்பளத்தில் தலைவலி என்று உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள், உடம்பு கொதித்தது. வெயில் அடித்துவிட்டது என்று உப்புப் போட்ட மோர் கொடுத்து, இரண்டு நாள் நிழலில் படுக்கவைத்தோம். மூன்றாம் நாள் என்னையே யாரென்று கேட்டாள். தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"வெயில்தாங்க சிஸ்டர். உப்பு வார்றவங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் கையைத் தேய்த்து, அவள் பிடரியைப் பிடித்துத் தூக்கினார். கழுத்து வளையவில்லை. தோளும் சேர்ந்து கட்டை மாதிரி எழுந்தது.

"வெயிலுக்குக் கழுத்து இப்படி விறைக்காதுப்பா. மூளைக்காய்ச்சல் மாதிரி இருக்குது" என்று டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் உடனே ஊசி போட்டு, பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

நர்சம்மா வாசல்வரை வந்தார். "அங்க முதுகுல ஊசி குத்தி நீர் எடுப்பாங்க. வேணாம்னு தூக்கிட்டு வந்துடாத."

"கால் விழுந்துடும்னு சொல்றாங்களே?"

"விழாது. என்ன கிருமின்னு தெரிஞ்சாதான சரியான மருந்து குடுப்பாங்க? நீ பயந்தா அவ போயிடுவா."

பாண்டியில் முதுகு ஊசிக்குக் கையெழுத்துப் போட்டேன். பதினைந்து நாள் மருந்து ஏறியது. நடந்தே வீட்டுக்கு வந்தாள். ஒரு காது மட்டும் கேட்காது. ஏன் இரண்டு நாள் வைத்திருந்தாய் என்று நர்சம்மா என்னைக் கேட்கவே இல்லை.

இப்போது அளத்தில் யார் சுருண்டாலும் கழுத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். "வந்துட்டாருடா டாக்டரு" என்று சிரிப்பார்கள். என் கை உப்பில் வெடித்த கை, தேய்த்தால் எரியும். ஆனாலும் தேய்த்துவிட்டுத்தான் தொடுகிறேன்.