வண்டிக்கு இரண்டு அங்குலம்

என் சாமான் பெட்டிக்குள் ஒரு வெள்ளைப் பாவாடை நாடா கிடக்கிறது. ஒரு முனையில் இருந்து இருபது அங்குலத்தில் அதில் ஒரு முடிச்சு. இப்போது பழுப்பு நிறமாகிவிட்டது, ஒரு இடத்தில் கிரீஸ் பிடித்திருக்கிறது. அண்ணையின் மனைவி மன்னாரில் இருந்து கடிதத்துக்குள் மடித்து அனுப்பியது. வெளிநாட்டில் இருக்கிறவர் சப்பாத்து வாங்குவதற்காக, பாதத்தைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்புவது எங்கள் சனத்தின் வழக்கம். இந்த நாடா சப்பாத்துக்கு வந்ததல்ல. ஒரு பிக்கப் வண்டியை எவ்வளவு உயர்த்தலாம் என்று பார்ப்பதற்கு வந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொஞ்சக் காலம் கப்பல், கொஞ்சக் காலம் பெய்ரூட், பிறகு கிழக்கு பேர்லின் வழியாக டென்மார்க். எண்பத்தெட்டில் ஹோர்சன்ஸ் டவுனுக்கு வெளியே, கிறிஸ்மசுக்கு விற்கிற நத்தார் மரம் வளர்க்கும் தோட்டம் ஒன்றில் வேலை கிடைத்தது. அண்ணை எனக்கு முன்னரே அங்கே இருந்தார். கூடப் பிறந்தவரல்ல, வயதில் மூத்தவர் என்பதால் அண்ணை என்று கூப்பிட்டேன். ஊரில் லொறி ஓடியவர், லொறி திருத்தியவர். மனைவியையும் நாலு வயது மகளையும் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அண்ணிக்கு இடது முழங்கால் மடியாது. செல் குண்டு விழுந்த ஒரு நாள் பங்கருக்குள் இறங்க ஓடியவ, தவறி விழுந்து எலும்பு உடைந்து, வைத்தியம் சரியாகப் பார்க்காமலே பொருந்திவிட்டது. அண்ணை இதையெல்லாம் மரத்துக்கு வலை சுற்றிக்கொண்டே சொன்னார். நானும் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

முதலாளி காணியின் கடைசியில் சும்மா கிடந்த ஒரு வீட்டை அண்ணைக்கு வாடகைக்குக் கொடுத்தார். தோட்டத்தில் ஓடிக் களைத்த ஒரு பழைய ஜப்பான் பிக்கப்பையும் கொடுத்தார். பின் சில்லுகள் மட்டும் இழுக்கிற வண்டி. ரோட்டில் இருந்து வீட்டுக்கு அரைக் கிலோமீற்றர் மண் பாதை. டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மண்ணும் கல்லும் முதுகு மாதிரி நிமிர்ந்து நின்றது. பிக்கப் அதில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு வரும். இரண்டு தரம் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஒயில் சம்ப் அடிபட்டு ஒழுகியது. மழைக்காலத்தில் நடுவில் குந்திவிடும். பிறகு நானும் அவரும் தள்ளுவோம்.

அண்ணை ஒரு பலகையும் அடிமட்டமும் கொண்டு பாதை முழுக்க அளந்தார். அவருடைய கணக்கில் வண்டி மூன்று அங்குலம் உயர வேண்டும். ஹோர்சன்சில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் இருந்தார். டெனிஷ்காரர், வயதானவர், சுருட்டுப் புகையோடு அமெரிக்கப் படப்புத்தகம் ஒன்றை எங்களுக்கு முன்னால் விரித்தார். என்னுடைய டெனிஷ் அரைகுறை, அண்ணையுடையது கால்வாசி. ஆனால் இரும்பைப் பற்றி என்றால் இரண்டு பேருக்கும் பாஷை தேவைப்படவில்லை.

செலவில்லாத வழி, முன்பக்கத்தில் ஸ்பிரிங் வேலையைச் செய்யும் முறுக்குக் கம்பியின் போல்ட்டை இறுக்குவது. ஒன்றரை அங்குலம் ஏறும். ஆனால் வண்டி கட்டை வண்டி மாதிரிக் குலுக்கும். அண்ணை உடனே தலையாட்டி மறுத்தார். அந்த முழங்காலுக்கு அது சரிவராது. மற்றது, முன் சில்லைத் தாங்கும் இரும்பையே மாற்றுகிற செட். கம்பி இருந்தபடி இருக்கும், குலுக்கலும் அதிகமாகாது. பின்பக்கம் அச்சுக்கும் வில்தகட்டுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைக்க வேண்டும். பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு எதைப் பூட்டினாலும் உயராது, அதற்குப் பெரிய டயர்தான் வேண்டும் என்று பட்டறைக்காரர் நேர்மையாகச் சொன்னார். அது புல்லைத்தான் தேய்க்கிறது, பரவாயில்லை என்றார் அண்ணை. செட் இரண்டு அளவில் இருந்தது. இரண்டு அங்குலம், நாலு அங்குலம்.

“நாலு போடு. பார்க்க வடிவாய் இருக்கும் எண்டு சொல்லுறார்,” என்று நான் மொழிபெயர்த்தேன்.

“ஆர் பாக்கிறது? நத்தார் மரங்களோ?” என்றார் அண்ணை.

அவர் அன்றைக்கு முடிவு சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அண்ணிக்குக் கடிதம் எழுதினார். நொண்டிக் காலில் நின்றுகொண்டு நல்ல காலை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கி வைக்க முடியும், ஒருவரையும் பிடிக்காமல், அளந்து அனுப்பு என்று. பதில் வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை நாங்கள் தள்ளிக்கொண்டிருந்தோம். கடிதத்துக்குள் இந்த நாடா இருந்தது. செங்கல்லை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் காலை வைத்துப் பார்த்தாவாம். பக்கத்து வீட்டுப் பெண் முடிச்சுப் போட்டாவாம்.

அண்ணை வண்டியின் கதவைத் திறந்து, நுனி நிலத்தில் முட்ட நாடாவைத் தொங்கவிட்டார். உள்தளம் நிலத்தில் இருந்து பதினெட்டு அங்குலம். முடிச்சு இருபதில்.

“நாலு போட்டிட்டு கீழ ஒரு படியைப் பூட்டுவம் அண்ணை,” என்றேன்.

“படி தொங்கினா பள்ளத்துக் கரையில கொழுவும்.”

“அப்ப ஒரு பெட்டியைக் கொண்டு திரிவம்.”

“அவளைத் தெரியாது உனக்கு. பெட்டி வைச்சு ஏத்தினா, நான் என்ன மாடோ எண்டு கேப்பாள்.”

இரண்டு அங்குலம் என்று முடிவானது. மிச்சம் ஒரு அங்குலத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். மண்வெட்டியைக் காட்டினார். மூன்றையும் மண்ணிலேயே வெட்டினால் என்ன என்றும் கேட்டேன். அவ்வளவு வெட்டினால் தண்ணீர் நின்று பாதை குளமாகிவிடும் என்றார். ஆக, வண்டி இரண்டு, நிலம் ஒன்று.

பட்டறைக்காரர் பூட்டிக் கொடுத்தார். வாகனப் பரிசோதனையில் ஒரு பேச்சும் இல்லாமல் விட்டார்கள். நாடாவை அண்ணை உள்கண்ணாடியில் கட்டினார். டிராக்டர் கிழமை முழுக்க ஓட ஓட நடு மண் பழையபடி எழும்பும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் அதை ஒரு அங்குலம் சீவுவார். சீவி முடித்து, வெறும் வண்டியை ரோட்டுவரை ஓட்டிப் போய்த் திரும்புவார். ஒரு இடத்திலும் தேய்க்கவில்லை என்றால் இறங்கி முகம் கழுவுவார்.

விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. கேட்டால் பார்த்துக்கொண்டிருக்கிறோம், காத்திருக்கவும் என்று ஒரே கடிதம். எங்கள் ஆட்களின் விண்ணப்பக் கோவைகளை எடுத்துப் பார்க்காமல் வைக்கும்படி அமைச்சில் மேலே இருந்து சொல்லியிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. பேப்பர்கள் அதைத் தமிழர் வழக்கு என்று எழுதின, பெரிய ஆட்கள் பதவி இழந்தார்கள். அந்த நேரம் எங்களுக்கு அதொன்றும் தெரியாது. ஏதோ ஒரு கடதாசியைப் பிழையாக நிரப்பிவிட்டோம் என்று நினைத்தோம். அண்ணை தன் பிரதியை எடுத்து எத்தனையோ தரம் வாசித்துப் பார்த்தார். பிழை ஒன்றும் அகப்படவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அவர் சீவினார், நான் சில சனிக்கிழமைகளில் கல் பொறுக்கினேன். இடையில் ஒரு குளிர்காலம் இஷொய் என்ற ஊருக்குப் போய்த் துப்புரவு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தேன். பாதை அப்படியே இருந்தது, அவரும்.

அனுமதி வந்தபோது நாடா வந்து இரண்டு வருடம் தாண்டியிருந்தது. அவர்கள் வந்த நாள், தெரிந்த ஒருவரின் கார் ஹோர்சன்ஸ் ஸ்டேஷனில் இருந்து ரோட்டுக்கரை வரை கொண்டுவந்து விட்டது. பிக்கப் கழுவித் துடைத்து நின்றது. பாதையை அன்று காலையிலும் சீவியிருந்தோம். மகளைத் தூக்கி ஏற்ற அண்ணை குனிந்தார். ஏழு வயதுப் பிள்ளை அவருடைய கைக்கு விலகி, தானே ஏறி நடுவில் குந்திக்கொண்டது.

அண்ணி கையில் ஊன்றி நடக்கிற பொல்லு ஒன்று இருந்தது. கடிதங்களில் பொல்லைப் பற்றி எழுதியிருக்கவில்லை. கதவைப் பிடித்து, நல்ல காலைத் தூக்கினா. பாதி உயரத்தில் இடது கால் நடுங்கியது. கீழே வைத்தா. இன்னொருமுறை தூக்கினா. அதற்கு மேல் தூக்கவில்லை. கண்ணாடியில் தொங்கிய நாடாவைக் கண்டா. தன்னுடையது என்று தெரிந்திருக்க வேண்டும்.

“அதை அனுப்பேக்க சரியாத்தான் இருந்தது,” என்றா.

நான் போய்ப் பெட்டி ஒன்று எடுத்து வரவா என்றேன்.

“வேண்டாம் தம்பி, நடப்பன். எவ்வளவு தூரம்?”

“அந்தா, தெரியிறதுதான் வீடு.”

அண்ணி நடந்தா. அண்ணை முதல் கியரில் பக்கத்தில் ஓட்டினார். பிள்ளை உள்ளே இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தது. நான் பயணப்பெட்டிகளோடு பின்னால் இருந்தேன். இடையில் இரண்டு தரம் அண்ணி நின்றா, வண்டியும் நின்றது. வண்டி ஒரு இடத்திலும் தேய்க்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணை பாதையைச் சீவவில்லை. அண்ணி பொல்லோடு நடந்துதான் போய் வந்தா. அந்த இலையுதிர் காலத்தில் அவர்கள் டவுனில் படி ஏறத் தேவையில்லாத கீழ்த்தட்டு வீடு ஒன்றுக்குப் போனார்கள். மகள் இப்போது தன் பிள்ளைகளோடு டெனிஷ் கதைக்கிறாள். அண்ணையும் அண்ணியும் அங்கேயே இருக்கிறார்கள், நான் போனால் தேத்தண்ணி தருவார்கள். வண்டியைப் பற்றிக் கதை வராது.

பிக்கப்பைப் பழைய இரும்புக்குக் கொண்டுபோனது நான்தான். நாடாவை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். ஏன் என்று தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ இடம் மாறினேன், இப்போது புரொண்பியில் இருக்கிறேன். இதை எழுதுவதற்கு முன் பெட்டியைத் திறந்து எடுத்தேன். அடிமட்டத்தை வைத்து அளந்தும் பார்த்தேன். முடிச்சு இருபது அங்குலத்தில்தான் இருக்கிறது.